ஐஓபி நிறுவனர் சிதம்பரம் செட்டியாரும் சேப்பாக்கம் மைதானத்தின் சிதம்பரமும் ஒருவரா?

கேள்வி: மவுண்ட்ரோடுக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு மலருக்காக அண்ணா சாலையின் பழைய கட்டடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்.ஐ.சி. கட்டடத்தைப் பற்றித் தேடியபோது, அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் என்றும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை (ஐஓபி) நிறுவியவரும் அவரே என்றும் அறிந்தேன். இதை வீட்டில் சொன்னதும், "சேப்பாக்கம் மைதானத்துக்கு அவர் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று அண்ணன் கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டதால் கட்டுரையில் ஒரு வரியும் எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால், வங்கியை நிறுவியவர் 1954-லேயே விமான விபத்தில் இறந்திருக்கிறார். மைதானத்துச் சிதம்பரமோ 1960-களின் தொடக்கத்தில் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்திருக்கிறார். அப்படியானால் இருவரும் உறவினர்களா?

இதைவிட இன்னொரு கேள்விதான் என்னை அதிகம் குடைகிறது. வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. அப்போது சிதம்பரம் செட்டியாருக்கு வயது 28. பரம்பரையாகக் கொடுக்கல் வாங்கல் செய்துவந்த செல்வக் குடும்பத்துப் பிள்ளை, ஊரார் வைப்புக்கெல்லாம் பொறுப்பேற்கும் ஒரு கூட்டுப்பங்கு வங்கியைத் தொடங்க வேண்டிய தேவை என்ன? அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரியப்போகிறது என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு ஐம்பது நாள் முன்னால் ரங்கூனில் போய்க் கிளை திறந்தது துணிச்சலா, கணக்குப் பிசகா?

பதில் 1: பழைய பேரேடு

முதல் கேள்விக்கு விடை எளிது. இருவரும் வேறு வேறு மனிதர்கள். ஊர் ஒன்று, கானாடுகாத்தான், சமூகமும் ஒன்று, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்), வீடு வேறு. மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் இளைய மகன். 1918-இல் பிறந்தவர், 1955-இல் சென்னை மேயராக இருந்தவர், ஸ்பிக் உர நிறுவனத்தோடு பெயர் சேர்த்துப் பேசப்படுபவர், 2000-ஆம் ஆண்டுவரை வாழ்ந்தவர். வங்கியை நிறுவியவர் 1908-இல் பிறந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முகப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். எம். என்பது முத்தையா, சிடி. என்பது சிதம்பரம், மறுபடி எம். என்பது முத்தையா. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் முத்தையாவும் சிதம்பரமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி மாறி வருகிறார்கள். இவருடைய மகனுக்கும் முத்தையா என்றே பெயர். நகரத்தாரிடையே இந்த எழுத்துகளுக்கு 'விலாசம்' என்று பெயர். தபால்காரர் பார்க்கும் முகவரி என்று எண்ணிவிட வேண்டாம். கடையின் பெயர் அது. உண்டியலில் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் வணிகச் சீட்டில்) விழும் கையெழுத்து ஏஜெண்டுடையதாக இருந்தாலும், கடன் விலாசத்தின் மீதே நிற்கும்.

இதே போல இன்னொரு குழி இருக்கிறது, கட்டுரையில் விழுந்துவிடாதீர்கள். வங்கி நிறுவனரின் தந்தை சர் எம்.சிடி. முத்தையா செட்டியார், 1929-இல் காலமானவர். 1933-இல் மேயர் பதவி மீண்டும் வந்தபோது சென்னையின் முதல் மேயரான ராஜா சர் முத்தையா செட்டியார், அண்ணாமலை செட்டியாரின் மூத்த மகன். இரண்டு சர், இரண்டு முத்தையா, இரண்டு சிதம்பரம். பெரிய அச்சேடுகளிலேயே இவர்களை மாற்றிப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அண்ணனைக் குறை சொல்ல வழியில்லை.

பதில் 2: பணி ஓய்வு பெற்ற கணக்கர்

நான் வங்கித் தொழிலில் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் அந்நியச் செலாவணிப் பிரிவில் கழிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், தங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது.

நகரத்தார் கடை எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் போட்ட பணம் முதல் பணம். உறவினரும் கோயிலும் மற்றவரும் வட்டிக்கு வைத்தது மேம்பணம். கடல்கடந்த ஊரில் கடையை நடத்துபவர் ஏஜெண்ட். வழக்கமாக மூன்றாண்டுத் தவணை, சம்பளத்தின் பெரும்பகுதி முன்பணம், அதற்கெல்லாம் எழுத்தில் ஒரு சம்பளச்சீட்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே எடுபிடிக்கும் கணக்குப் பழகவும் வந்த பெட்டியடிப் பையன். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதம் ஒரு முறை இரவில் கூடி, ஒரு கடை மற்றொரு கடைக்குக் கொடுக்கும் பணத்துக்கான நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்வார்கள். ஒரு கடைக்குப் பணமுடை வந்தால் பக்கத்துக் கடை கைகொடுக்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முடை வந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அந்த ஏற்பாட்டில் விடை இல்லை.

1930-இல் அதுதான் நடந்தது. பர்மாவின் வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கின்படி அப்போது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய். உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. உழவரால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. இம்பீரியல் வங்கியும் ஆங்கிலேய வங்கிகளும், அதுவரை செட்டியார் கையெழுத்தை நம்பித் தாராளமாகக் கொடுத்துவந்த மேல்பற்றை (ஓவர்டிராஃப்ட்) சுருக்கிக்கொண்டன. கடைகளுக்குக் கடனுக்கு ஈடாக நிலம்தான் வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு செட்டியார் கையில் இருந்தது. 1930-களின் இறுதிக்குள் அது 25 விழுக்காடாகிவிட்டது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது கொழுத்த சொத்து. தொழில் தெரிந்தவருக்கு நெஞ்சு பதைக்கும். மேம்பணம் வைத்தவர் காசைத் திருப்பிக் கேட்கும்போது, அவர் கையில் ஐராவதிக் கழனியில் நாலு ஏக்கரைக் கொடுக்க முடியாது.

தந்தை இறந்து, பொறுப்புகள் சிதம்பரம் செட்டியார் தலையில் விழுந்தபோது அவருக்கு 21 வயது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளும் இந்தச் சரிவைப் பார்த்தபடியே சென்றன. ஆகவே 1937-இல் அவர் தொடங்கிய வங்கியை, வட்டிக்கடைக்கு ஆங்கிலப் பெயர்ப்பலகை மாட்டிய காரியமாகப் பார்க்கக் கூடாது. நிலத்தை நம்பி நீண்டகாலக் கடன் கொடுப்பதை விட்டு விலகி, சரக்கையும் அதற்கான பில்லையும் நம்பிக் குறுகியகாலக் கடன் கொடுப்பதும், ஒரு நாட்டு நாணயத்தை வாங்கி மற்றொன்றை விற்பதும்தான் அதன் அடிப்படைத் தொழில். அந்தத் தொழில் அன்று கிட்டத்தட்ட முழுமையும் சார்ட்டர்ட் வங்கி, ஹாங்காங் ஷாங்காய் வங்கி போன்ற வெளிநாட்டு 'எக்ஸ்சேஞ்ச்' வங்கிகளின் கையில் இருந்தது. நம்மவர் தொடங்கிய கூட்டுப்பங்கு வங்கிகள் பெரும்பாலும் உள்நாட்டு வைப்பும் கடனுமாகவே நின்றன. பெயரிலேயே 'ஓவர்சீஸ்' என்று போட்டுக்கொண்டு முதல் நாளிலேயே கடல்கடந்து கிளை திறந்ததில் இருந்த கணக்கு இதுதான்.

மூன்று ஊர்களும் அந்தக் கணக்கின்படியே வருகின்றன. காரைக்குடியில் சேமிப்பு இருந்தது. ரங்கூனில் வணிகம் இருந்தது. சென்னையில் அரசும் துறைமுகமும் இருந்தன. ரங்கூனிலிருந்து செட்டிநாட்டுக்குப் பணம் வரும் பாதையில் இரு முனையிலும் ஒரே வங்கி உட்கார்ந்துகொண்டால் தரகு வெளியே போகாது. விரைவிலேயே பினாங்கிலும் கிளை வந்தது; நகரத்தார் பணம் எந்த ஊர்களுக்கெல்லாம் போயிருந்ததோ அங்கெல்லாம் வங்கியும் பின்தொடர்ந்தது.

பர்மா பிரிவினையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1937 ஏப்ரலில் ஆட்சிதான் பிரிந்தது, ரூபாய் பிரியவில்லை. அதன் பிறகும் பர்மாவின் மைய வங்கி வேலையை நம்முடைய ரிசர்வ் வங்கியே பார்த்தது. எனவே அன்றைய நிலையில் ரங்கூன் கிளை ஒன்றும் கண்மூடித்தனமான பந்தயமாகத் தோன்றியிருக்காது. இன்னொன்றும் உண்டு. அதே 1937-இல் சுதேசி வங்கியாளர்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் வகுத்தது. வங்கித் தொழில் தவிர வேறு வணிகத்தைக் கைவிட வேண்டும், கணக்கைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளால் அது எடுபடவில்லை. விலாசத்தை விலாசமாகவே வைத்துக்கொண்டு நவீன வங்கி அமைப்புக்குள் நுழையும் வாயில் அதோடு ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. தனியாக ஒரு கம்பெனி வங்கியைப் பதிவு செய்ததன் அருமை அப்போதுதான் பலருக்குப் புரிந்திருக்கும் என்பது என் கருத்து.

பதில் 3: நெல்லும் வட்டியும்

மேலே கணக்கர் ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் மாறுபடுகிறேன்.

முதலாவது, சிதம்பரம் செட்டியாரைத் தமிழ்நாட்டு வங்கித் தொழிலின் முன்னோடி என்ற தோரணையில் எழுதிவிட வேண்டாம். கும்பகோணம் வங்கி 1904, கரூர் வைசியா வங்கி 1916, தூத்துக்குடியில் நாடார் வங்கி 1921. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கிய பிறகு, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கியிலும் நகரத்தார் பணமும் பெயரும் இருந்தன. அவர் இந்த வரிசையில் பிந்தி வந்தவர். அவருடைய தனித்தன்மை அந்நியச் செலாவணியில் இருக்கிறது. அதை அப்படியே சொன்னால் போதும்.

இரண்டாவது, 6 விழுக்காடு 25 ஆனது செட்டியார் பக்கத்துத் தலைவலியாக மட்டுமே மேலே வந்திருக்கிறது. அந்த நிலத்தை இழந்தவர் பர்மிய உழவர். 1930 டிசம்பரில் வெடித்த சாயா சான் என்பவர் தலைமையிலான உழவர் கிளர்ச்சியின் பின்னணியில் வரியும் கடனும் நெல் விலைச் சரிவும் சேர்ந்தே இருந்தன. சட்டப்படி எழுதிய அடமானத்தின்படிதான் நிலம் கைமாறியது என்பது உண்மை. அடமானம் எழுதும்போது இருந்த நெல் விலை, மீட்கும்போது இல்லை என்பதும் உண்மை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது கடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தவர்களைப் பற்றி நம்மிடம் எவ்வளவோ கதைகள் இருக்கின்றன. சுதந்திரம் பெற்ற பர்மா 1948-இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தபோது அங்கே ஏன் ஒருவரும் கண்ணீர் விடவில்லை என்பதற்கு நம்மிடம் கதை குறைவு.

வங்கியும் தப்பவில்லை. போரில் ரங்கூன், பினாங்கு கிளைகள் கையை விட்டுப் போயின. போருக்குப் பின் மீண்டு வந்த ரங்கூன் கிளையை 1963-இல் பர்மிய அரசு மற்ற வங்கிகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. ஆகவே துணிச்சலா, பிசகா என்று கேட்டால், ரங்கூனைப் பொறுத்தவரை பிசகு என்றுதான் நான் சொல்வேன்.

பதில் 4: கொண்டுவிக்கப் போனவர் பேரன்

எங்கள் அய்யா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், மலாயாவில் ஒரு விலாசத்துக்கு அடுத்தாளாக இருந்தவர். அவருடைய சம்பளச்சீட்டு வீட்டில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே சிவமயம், பிறகு இன்னார் இன்ன விலாசத்துக்கு மூன்று வருஷத்துக்குக் கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய) போவதாக ஒரே மூச்சில் பத்து வரி, நடுவில் ஒரு நிறுத்தக்குறி கிடையாது. வட்டிக் கணக்கெல்லாம் அரைக்கால், மாகாணி என்று பழைய பின்னங்களாகவே இருக்கும். அப்பச்சி பொறியியல் படித்தவர், அவராலேயே அதைத் தடையில்லாமல் படிக்க முடியாது.

கடைகள் சேர்ந்திருந்த கட்டடமான கிட்டங்கியைப் பற்றி அய்யா சொன்னது இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். நீளமான கூடம், இரு பக்கமும் வரிசையாகப் பாய், ஒவ்வொரு பாய்க்கு முன்னாலும் சாய்வு மூடி போட்ட மரப்பெட்டி. அந்தப் பெட்டிதான் ஒரு கடை. பகலில் அதன் மேல் பேரேட்டை விரித்து எழுதுவார்கள். இரவில் அதன் பக்கத்திலேயே படுப்பார்கள். ஒரே கூரையின் கீழ் பத்திருபது விலாசங்கள் இருக்கும்; யாரிடம் யார் வாங்கினார், யார் தவணை தவறினார் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, கம்பிக் கூண்டுக்குப் பின்னால் முன்பின் தெரியாத குமாஸ்தா உட்கார்ந்திருக்கும் வங்கியில் பணம் போட மனம் எளிதில் வந்துவிடாது. "பேங்கில் போட்ட பணத்துக்கு முகம் கிடையாது" என்று அய்யா சொல்வார். ஆனால் இந்த வங்கியின் சுவரில் இருந்த முகம் அவர்களுக்குத் தெரிந்த விலாசமாக இருந்தது. அதனால்தான் அவரைப் போன்றவர்களும் உள்ளே கால் வைத்தார்கள்.

நெல்லும் வட்டியும் எழுதியவருக்கு ஒரு வார்த்தை. தாங்கள் சொன்ன குறை சரிதான். எங்கள் வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களை விருந்தினருக்குக் காட்டுவோம். பர்மிய உழவரின் பேச்சு அந்தத் தூண்களுக்கு அடியில் வந்ததில்லை.

பதில் 5: பணி ஓய்வு பெற்ற கணக்கர்

ரங்கூன் பிசகு என்ற கருத்தை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வங்கியை அளக்க வேண்டிய இடம் வேறொன்றும் இருக்கிறது. ஐஓபி தொடங்கிய பதினேழாவது மாதம், 1938 ஜூனில், திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியது. அன்றைய தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்று அது. அதன் பின் தெற்கெங்கும் வைப்பாளர்கள் வரிசையில் நின்று பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். சிறு வங்கிகள் பல விழுந்தன. அதே ஆண்டில் ராஜாஜி அமைச்சரவையின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்து, நிலத்தின் மேல் கடன் கொடுத்தவர்களின் நிலுவையைக் குறைத்தது. நிலத்தில் மாட்டாத வங்கியாக வைத்திருந்ததன் பயனை அந்த ஓராண்டிலேயே பார்க்கலாம்.

பதில் 6: மவுண்ட்ரோடுக்காரன்

அனைவருக்கும் நன்றி. மைதானத்து வரியை அடித்துவிட்டேன். கட்டுரை கட்டடத்தைப் பற்றியது என்பதால் ஒன்று கேட்கிறேன்: வங்கி நடத்தியவர் ஏன் காப்பீட்டுக் கம்பெனிக்காக அவ்வளவு உயரமான கட்டடம் எழுப்பினார்?

பதில் 7: பழைய பேரேடு

அந்தக் காப்பீட்டுக் கம்பெனியான யுனைடெட் இந்தியா லைஃப் அவர் தொடங்கியதல்ல. 1906-இல் சுதேசி இயக்கச் சூட்டில் சென்னையில் பிறந்த ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, பிற்பாடு அவர் தலைமைக்கு வந்தது. 1938-இல் தீ மற்றும் பொதுக் காப்பீட்டுக்கு யுனைடெட் இந்தியா ஃபயர் அண்ட் ஜெனரல் தொடங்கப்பட்டது. பில், சரக்கு, கப்பல் என்று போகும் செலாவணி வங்கிக்கும் சரக்குக் காப்பீட்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கர் ஐயா எங்களைவிட நன்றாகச் சொல்வார். இவை போக, பெரும்பாவூரில் 1950-இல் நூல் இழுக்கத் தொடங்கிய திருவாங்கூர் ரேயான்ஸ் ஆலையும் அவருடையது. இந்தியாவில் ரேயான் நூல் தயாரித்த முதல் ஆலை.

கட்டடத்துக்கு 1953-இல் வேலை தொடங்கியது. பிரவுன், மௌலின் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்த திட்டத்தில் 18 மாடி. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில், சிட்னியிலிருந்து லண்டன் செல்லும், பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் மோதித் தீப்பற்றியது. 33 பேர் இறந்தார்கள்; பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் ஒருவர் சிதம்பரம் செட்டியார், வயது 45. அடித்தளம் போட்ட கட்டடம் நிற்க, 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது, கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போனது, மாடிகள் குறைந்தன, கலைஞர்கள் ஊர் திரும்பிவிட, கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே வேலையை முடித்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. ஊரார் வாயில் அது இன்றும் 'பதினாலு மாடி'தான். வங்கி 1969-இலும், பொதுக் காப்பீடு 1970-களின் தொடக்கத்திலும் அரசுடைமையாயின.

பதில் 8: மவுண்ட்ரோடுக்காரன்

மிக்க நன்றி ஐயா. இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்தக் கட்டடத்தைத் தொடங்கியவர், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் நிறுவனரான கானாடுகாத்தான் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், சேப்பாக்கம் மைதானத்தின் பெயருக்குரிய எம்.ஏ. சிதம்பரம் வேறொருவர்." சரியா?

பதில் 9: கொண்டுவிக்கப் போனவர் பேரன்

சரிதான். 'சி'க்கும் 'டி'க்கும் நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் எடுத்துவிடுங்கள். அவை இரண்டு பெயர்களல்ல, தாத்தா ஒருவர்தான்.